உள்ளே திரும்பிப் போன ஈக்கள்

உயிரியல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கடைசி அறை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது வாசனைதான். வெந்த மக்காச்சோள மாவு, ஈஸ்ட், அடியில் லேசான புளிப்பு. புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுருக்குவார்கள். அங்கே பல வருடமாக ஆராய்ச்சி மாணவியாக இருப்பவளுக்கு அது தெரிவதே இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அக்கா சொல்லித்தான் தெரியும்.

"குளிச்சிட்டு வா. அப்புறம் பேசு."

அவள் பழ ஈக்களை வளர்க்கிறாள். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றி வருமே, பொடி ஈ, அதுதான். விரல் நீளத்தில் கண்ணாடிக் குப்பி, அடியில் களி போல உணவு, வாயில் பஞ்சு அடைப்பு. அதற்குள்ளேயே பிறந்து, கூடி, முட்டையிட்டு, சாகும். பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். அக்காவின் கணவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவருக்கு இந்தப் படிப்பின் மேல் ஒரு தீராத சந்தேகம்.

"வியாபாரம் இல்லாத நாள்ல நானும்தான் கடையில உக்காந்து ஈ ஓட்டுறேன். எனக்கு எவனும் பட்டம் தரலையே."

"நீங்க ஓட்டுறீங்க மாமா. நான் எண்ணுறேன்."

அக்கா பத்தாவதோடு நின்றவள். தான் நின்றது தங்கை படிப்பதற்காக என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பது சொல்வதைவிடச் சத்தமாகக் கேட்கும். அதனால் தங்கை அந்த வீட்டில் குரல் உயர்த்திப் பேசுவதில்லை, மாமாவின் கேலிக்குப் பதில் சொல்வதைத் தவிர.

அவள் படித்த பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. கண்ணாடி அலமாரியில், பூட்டுக்குள். அதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டும் அதை மேசைமேல் வைப்பார்கள். பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதில் கண்ணை வைத்துப் பார்த்த ஒரே ஆள் அந்த அதிகாரிதான். விளக்கு எரியவில்லை என்பதை அவரும் கவனிக்கவில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லூரிக்கு வந்தபிறகுதான் அவள் முதன்முதலாக நுண்ணோக்கியைத் தொட்டாள். கறுப்பாக, வளைந்து, நுனி கூர்மையாக ஒரு உயிரைப் பார்த்து, கவனமாகப் படம் வரைந்து, பாகங்களுக்குக் கோடு இழுத்துக் கொடுத்தாள். ஆசிரியை அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது உன்னோட இமைமுடிம்மா" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் பள்ளியிலேயே தங்கள் இமைமுடியைப் பார்த்து முடித்தவர்கள்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதிலிருந்து ஒரு யோசனை வந்தது, வெகுகாலம் கழித்து. பேராசிரியரிடம் போய், பக்கத்து வட்டாரத்துப் பள்ளியிலிருந்து, நுண்ணோக்கி பூட்டுக்குள்ளேயே இருக்கும் பள்ளிதான், நான்கு பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவர அனுமதி கேட்டாள். வேடிக்கை பார்க்க இல்லை, வேலை செய்ய.

பேராசிரியர் கணக்காகப் பேசுகிறவர். "நாலு பேர். அஞ்சு இல்ல. எது உடைஞ்சாலும் உங்க தலை."

"சரி சார்."

இப்படி வந்தவர்கள் நான்கு பேர். உயரமாக வளர்ந்து, எதை எடுத்தாலும் கீழே போடும் பையன் ஒருவன், பெயர் நெட்டை. ஒருத்தி தொடங்கும் வாக்கியத்தை இன்னொருத்தி முடிக்கும் தோழிகள் இருவர். நான்காவது ஒரு பெண், அதிகம் பேசாதவள். அவளுடைய அப்பா தையல் சாமான் கடை வைத்திருந்தார். பொத்தான், நூல், ஊசி, நாடா. அதனால் அவளுக்குப் பட்டன் என்று பெயர். அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. தங்களை அழைத்துவந்தவளுக்கும் ஒன்று வைத்தார்கள், ஈ அக்கா. முதல் நாள் அதைக் கேட்டபோது கொஞ்சம் முறைத்தாள். இரண்டாம் வாரம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே ஈக்களுக்கு உணவு சமைக்கிற உதவியாளர் ஒருவர் உண்டு. பெரிய பாத்திரத்தில் மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் கிளறி, குப்பிகளில் ஊற்றி ஆறவைப்பார். எல்லோருக்கும் சமையல் அண்ணன். வீட்டில் அவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது என்று அவர் மனைவி ஒருமுறை வந்தபோது சொல்லிவிட்டுப் போனாள். "ஈயாப் பொறந்திருந்தா எனக்கும் ஒருவேளை சூடா கெடச்சிருக்கும்." பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஈ அக்கா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது முதலில் உறங்கவைப்பது. குப்பிக்குள் வாயுவைச் செலுத்தினால் ஈக்கள் மயங்கி விழும். அவற்றை வெள்ளைத் தட்டில் கொட்டி, மெல்லிய தூரிகையால் நகர்த்தி, நுண்ணோக்கியின் கீழே ஆண் வேறு, பெண் வேறாகப் பிரிக்க வேண்டும். ஆணுக்கு வால்பக்கம் கறுப்பாக இருக்கும். பெண்ணுக்குக் கோடு கோடாக இருக்கும். எண்ணி முடித்தபின் மிஞ்சியவை சாராயம் நிரப்பிய புட்டிக்குள் போகும். ஒவ்வொருவர் மேசையிலும் அப்படி ஒரு புட்டி. பிள்ளைகள் அதற்குச் சுடுகாடு என்று பெயர் வைத்தார்கள்.

நெட்டை தூரிகையால் ஈயை நசுக்கினான். தோழிகள் எண்ணும்போது பேசி, எண்ணை மறந்து, மறுபடி தொடங்கினார்கள். பட்டன் தப்பே செய்யவில்லை. அவளுடைய மேசை எப்போதும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மற்றவர்களின் புட்டிகள் கறுத்துக்கிடக்க, அவளுடையது தெளிந்த தண்ணீர்போல நின்றது. ஈ அக்கா அந்தச் சுத்தத்தைப் பார்த்தாள், பாராட்டவும் செய்தாள். அது ஏன் அவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

பிள்ளைகள் பழகியது சாதாரண ஈக்களில். அவளுடைய சொந்த ஈக்கள் வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அவளுடையவற்றுக்கு வயதானால் கால் விழுந்துவிடும். குப்பியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் எல்லா ஈயும் அடியில் விழும். நல்ல ஈ, ஒரு மாதத்துக் கிழமாக இருந்தாலும், விழுந்த வேகத்தில் சுவரைப் பிடித்து மேலே ஏறிவிடும். அவளுடைய ஈக்கள் அந்த வயதில் அடியிலேயே கிடந்து நடுங்கும். மனிதர்களுக்கு வரும் நடுக்க நோய் ஒன்றை ஆராய இந்த ஈக்களே மாதிரி. இந்த ஈக்களை அந்த அறையில் 'வம்சம்' என்பார்கள். மருந்து ஒன்றை உணவில் கலந்து கொடுத்து, அவை ஏறுகின்றனவா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வேறெங்கும் இந்த வம்சம் கிடையாது. காப்புக்காகத் தனியே வைத்திருந்த குப்பித் தட்டு, கோடையில் குளிர்பெட்டி நின்றுபோனபோது செத்துவிட்டது. மறுபடி ஒரு தட்டுப் பிரித்து வைக்கவேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

அந்த வருடம் மழை தொடங்கிய சமயத்தில் கிழ ஈக்கள் ஏற ஆரம்பித்தன.

முதலில் இரண்டு மூன்று. அடுத்த மாதம் இன்னும் சில. அவள் நம்பாமல் மறுபடி தட்டிப் பார்த்தாள். ஏறின. பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் தன் கையாலேயே தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவள் தோளைத் தட்டினார். அந்த மனிதரிடமிருந்து அது பெரிய சொற்பொழிவு. வெளியூர்க் கருத்தரங்கில் இதைப் பேசுவதாக எழுதிப் போட்டார். அன்றைக்கு வீட்டில் மாமாகூட, "அப்ப நெசமாவே மருந்தா?" என்று கேட்டார். அக்கா அன்று குளிக்கச் சொல்லவில்லை.

மருந்து கொடுக்காத குப்பிகளிலும் ஒன்றிரண்டு ஏறத்தான் செய்தன. மழைக்காலம், அறை குளிர்ந்திருக்கிறது, அதனால் இருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வேண்டிய விடை கையில் இருக்கும்போது மனது கேள்வி கேட்காது.

ஒரு சனிக்கிழமை நெட்டை எண்ணி முடித்துவிட்டுத் தூரிகையோடு நின்றான்.

"அக்கா, மிச்சத்தை என்ன பண்றது? பாவம்க்கா, தூங்குது. திரும்ப உள்ளயே விட்டுடவா?"

"டேய், வேணாம்டா சாமி. வெளிய வந்தது திரும்ப உள்ள போகக் கூடாது. சுடுகாட்டுல போடு."

"ஏன்க்கா?" கேட்டது பட்டன்.

"வம்சம் கலந்துடும். அப்புறம் எது எதுன்னு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது."

பட்டனின் தூரிகை நின்றது. அதைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள்.

"அக்கா. நான் போட்டிருக்கேன்."

"எதுல?"

"எதுல கம்மியா இருந்துச்சோ அதுல."

"எந்தத் தட்டுல?"

பட்டன் மேசை ஓரத்தைக் கைகாட்டினாள். அங்கே புது உணவுக்கு மாற்றுவதற்காக எடுத்து வைத்திருந்தது வம்சத்தின் தட்டு. அங்கேதான் எல்லாச் சனிக்கிழமையும் அது இருக்கும்.

"எப்போ?"

"எப்பவும்."

தோழிகள் இருவரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்தினார்கள். ஈ அக்கா தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள், மருந்து கொடுக்காத கிழங்கள். மேசையில் தட்டினாள். விழுந்தன. பிறகு ஆறேழு ஈக்கள், யாருக்கும் எதுவும் ஆகாததுபோல, நிதானமாக மேலே ஏறின.

மருந்து இல்லை. எதுவுமே இல்லை. ஏறியவை பட்டன் போட்ட ஈக்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நல்ல ஈ வேகமாகப் பெருகும்.

அவள் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். வாயு எவ்வளவு, தூரிகையை எப்படிப் பிடிப்பது, பஞ்சை எப்படித் திருகுவது. இதை மட்டும் சொல்லவில்லை. இதைச் சொல்லவேண்டும் என்றே தோன்றியதில்லை. அவளுக்கும் இதை யாரும் சொன்னதில்லை, எப்படியோ தெரிந்திருந்தது.

பட்டன் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஏதாவது சொல்லவேண்டும். வாயில் வந்தது, "வீட்டுக்குப் போ" என்பதுதான். கோபத்தில் சொன்னது இல்லை. தனியாக உட்கார இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பட்டன் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட முழுக்க மாட்டாமல் போனாள்.

பேராசிரியர் திங்கட்கிழமை அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப மருந்து?"

"மருந்து இல்ல சார். கலப்பு."

"நான் அங்க போய்ப் பேசியிருந்தா?"

ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்களுக்கு உதவித்தொகை எப்ப முடியுது?"

"கோடையில சார்."

"வம்சம் இல்லாம ஆய்வேடு இல்ல. தெரியும்ல?"

"தெரியும்."

"இனிமே பள்ளிக்கூடப் பிள்ளைங்க வேணாம். மொதல்லயே சொன்னேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. "சார், ஒரே வழிதான் இருக்கு. ஒத்தை ஒத்தை ஜோடியாப் பிரிச்சு, தனித்தனிக் குடும்பமா வளக்கணும். பிள்ளைங்க கிழமாகற வரைக்கும் காத்திருந்து தட்டிப் பாக்கணும். எந்தக் குடும்பத்துல ஒண்ணுகூட ஏறலையோ அதுதான் நம்ம வம்சம். நூறு ஜோடியாவது வெக்கணும். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

"அதனால?"

"பிள்ளைங்க வேணும் சார்."

"கெடுத்த கையாலேயே கட்டச் சொல்றீங்களா?"

"கெடுத்ததை அவளா வந்து சொன்னா சார். நம்ம அறையில யாரு சொல்லியிருப்பா? நானே சொல்லியிருப்பேனான்னு தெரியல."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கருத்தரங்குக்கு நான் வரலைன்னு எழுதிடறேன்" என்றார். அதை அவள் அனுமதி என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேர்தான் வந்தார்கள். பட்டன் பள்ளியிலும் யாரோடும் பேசுவதில்லை என்றார்கள் தோழிகள், ஒருத்தி பாதியும் இன்னொருத்தி பாதியுமாக. ஈ அக்கா அவர்களிடம் வழி கேட்டுக்கொண்டு பட்டனின் அப்பா கடைக்குப் போனாள்.

இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய கடை. சுவர் முழுக்கச் சிறு டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் முகத்திலும் உள்ளே இருக்கும் பொத்தான் ஒன்றை நூலால் தைத்து வைத்திருந்தது. ஒரு பெண்மணி சட்டைத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தான் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் டப்பா டப்பாவாகக் கல்லாமேசையில் கொட்டினார். அவள் ஆறு எடுத்துக்கொண்டு போனதும், மிச்சத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் பிரித்து உள்ளே போட்டார். எது எந்த டப்பா என்று தெளிவாகத் தெரியாத ஒன்றிரண்டைக் குறைவாக இருந்த டப்பாவில் போட்டார்.

ஈ அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தான் யார் என்று சொன்னாள்.

கடைக்காரர் எழுந்துவிட்டார். "மேடம், வாங்க, உக்காருங்க." உட்கார இடம் இல்லை. "பொண்ணு ஒரு வாரமா சரியாச் சாப்பிடல. என்னமோ ஈ போச்சுன்னு அழுவுது. ஈதானே மேடம்? அந்தப் பழக்கடைக்காரன்கிட்ட சொன்னாப் போதும், மூட்டையாப் பிடிச்சுத் தருவான். அவனுக்கும் நிம்மதி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமல். சத்தம் கேட்டு உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து பட்டன் எட்டிப் பார்த்தாள். அம்மா அவளை முன்னால் தள்ளினாள்.

"போடி. வீடு தேடி வந்திருக்காங்க."

பட்டன் தரையைப் பார்த்தாள். "சாரிக்கா. உங்க படிப்பே போச்சுன்னு நெட்டை சொன்னான்."

"நெட்டை எதைத்தான் கீழ போடல? நான் சொல்றதக் கேளு. நீ அன்னைக்கு வாயத் திறக்கலைன்னா நான் இன்னைக்கும் மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சுட்டு இருந்திருப்பேன். அதையே எழுதி, அதுக்கே பட்டமும் வாங்கியிருப்பேன். என்னைக்காவது ஒருத்தர் அதைப் படிச்சுட்டு, நடுங்கற கையோட மருந்து கேட்டு வந்திருப்பாங்க. நான் உன்னத் திட்ட வரல. கூப்பிட வந்தேன்."

பட்டன் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

"வம்சத்தைத் தேடணும். எல்லாக் குப்பியும் கலந்து கெடக்கு. எனக்கு உன் கை வேணும்."

"கெடைக்குமாக்கா?"

"தெரியாது."

அந்த 'தெரியாது'தான் பட்டனை வரவைத்தது என்று பிறகு தோழிகள் சொன்னார்கள். கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாளாம்.

பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை வந்தது. அந்த வாரம் நால்வரும் தினமும் காலையில் வந்தார்கள். புதிதாகக் கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈக்களை, வேறு ஆண் தொடுவதற்குமுன் பிரித்தெடுக்க வேண்டும். அவை வெளுத்து, சிறகு விரியாமல், வயிற்றில் ஒரு கரும்புள்ளியோடு இருக்கும். ஒரு பெண்ணுக்கு ஓர் ஆண். ஒரு ஜோடிக்கு ஒரு குப்பி. சமையல் அண்ணன் இரண்டு வேளையும் அடுப்பை மூட்டினார். "இத்தனை கல்யாணத்துக்கு ஒருத்தனே சமைக்கிறேன். ஒருத்தராவது நல்லா இருக்குன்னு சொல்றீங்களா?" என்றார். நெட்டை, "ஈயைக் கேளுங்கண்ணே" என்றான். அன்றைக்கு அவன் ஒரு குப்பியும் உடைக்கவில்லை.

பிறகு காத்திருத்தல். ஜோடிகள் பெற்ற பிள்ளைகளில் பாதியை அடுத்த தலைமுறைக்கு விட்டுவிட்டு, மீதியைக் கிழமாகும்வரை புதுப் புது உணவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாத்தாவின் கால் நடுங்குகிறதா என்று பார்த்துத்தான் பேரனை வைத்துக்கொள்வதா விடுவதா என்று தீர்மானம். தப்பு எண்ணாமல், ஒன்றை இன்னொன்றோடு சேர்க்காமல். பட்டன் இப்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டாள். எதையும் 'தெரிந்திருக்கும்' என்று விடவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் ஈ அக்காவுக்குத் தான் யோசிக்காமலே செய்துகொண்டிருந்த இன்னும் நாலு விஷயம் தெரியவந்தது. அவற்றைப் பெரிய தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினாள். மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்களும் அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ததை அவள் கவனித்தாள்.

முதல் குடும்பங்கள் கிழமானபோது தட்டிப் பார்த்தார்கள். ஏறின. அடுத்தவையும் ஏறின. ஒரு குடும்பத்தில் எல்லாம் கிடந்தன, கடைசியில் ஒரே ஒரு ஈ மெதுவாக எழுந்து, பாதிச் சுவர்வரை போய் நின்றது. நெட்டை அதைப் பார்த்து, "உனக்கு அங்க என்னடா வேல?" என்று கத்தினான். அதையும் விடமுடியாது. ஒன்று ஏறினால் குடும்பமே கலப்பு. தட்டில் காலியான இடங்கள் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகள் வரும்போது இருந்த பேச்சு, போகும்போது இருக்காது. வீட்டில் மாமா கேலியை நிறுத்தியிருந்தார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பேராசிரியர் தினமும் ஒரு தடவை வாசலில் நின்று தட்டைப் பார்ப்பார். எதுவும் கேட்கமாட்டார்.

கடைசியில் மூன்று குடும்பங்கள் பாக்கி. அவை வயதாகிற நாள், பிள்ளைகளுக்கு ஆண்டுப் பரீட்சை நடக்கிற நாளாக அமைந்தது. பரீட்சையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள் பட்டன். வந்தால் கதவைத் திறக்கமாட்டேன் என்று ஈ அக்கா சொல்லிவிட்டாள்.

அன்று காலை கதவு தட்டப்பட்டது. கடைக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில்.

"கடையச் சாத்திட்டு வந்தேன் மேடம். பரீட்சை முடிஞ்சு வெளிய வரும்போது நான் வாசல்ல நின்னு சொல்லணுமாம். ஃபோன்ல சொன்னா நம்பமாட்டாளாம். நானே கண்ணால பாத்துட்டு வரணுமாம்."

"உள்ள வாங்க."

அவர் செருப்பைக் கழற்ற, அவள் வேண்டாம் என்று சொல்ல, அவர் கழற்றிவிட்டே வந்தார். குப்பிகளைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கவில்லை. சமையல் அண்ணன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார்.

முதல் குப்பியை அவள் தட்டினாள். நாலைந்து ஏறின. கடைக்காரர் முகம் மலர்ந்தது. அவள் அதை ஒதுக்கி வைத்ததும் மலர்ச்சி நின்றது. இரண்டாவதில் இரண்டு ஏறின. அதையும் ஒதுக்கினாள்.

மூன்றாவதை எடுத்தவள் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அவரிடம் நீட்டினாள்.

"நீங்க தட்டுங்க."

"நானா?"

"மெதுவா. மேசையில. ஒரு தட்டு."

அவர் இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளையை இறக்கி வைப்பதுபோல வைத்தார். "இன்னும் கொஞ்சம் வேகமா" என்றார் சமையல் அண்ணன். தட்டினார். ஈக்கள் அடியில் விழுந்தன. மூன்று தலைகளும் குனிந்தன.

அடியில் கிடந்தன. சில கால்களை அசைத்தன. ஒன்று புரண்டு எழப் பார்த்து, பக்கவாட்டில் சாய்ந்தது.

"ஏறலையே மேடம்" என்றார் கடைக்காரர் தாழ்ந்த குரலில். "பாவம், எழுந்திருக்கவே முடியலையே."

"இன்னொரு தடவை."

தட்டினார். காத்திருந்தார்கள். அவள் குப்பியை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தானே ஒரு தடவை தட்டினாள். சுவர் காலியாக இருந்தது. பஞ்சுவரை காலியாக இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சமையல் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார், அடுப்புச் சூடு என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல சேதியா, கெட்ட சேதியா? நான் எந்த முகத்தோட போறது?"

"நல்ல சேதிங்க. ரொம்ப நல்ல சேதி."

"இது எழுந்திருக்காம கெடக்கறதா?"

"எழுந்திருக்காததுதான் நம்மளோடது. இதோட பேரப்பிள்ளைங்க அந்தக் குளிர்பெட்டிக்குள்ள இருக்கு. இனி அதுங்கள எழுப்பத்தான் மருந்து தேடணும்."

அவர் அதை யோசித்துத் தலையாட்டினார். முழுக்கப் புரிந்ததா என்று தெரியவில்லை. "அப்ப அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

"ஒண்ணுகூட ஏறலைன்னு சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."

"ஒண்ணுகூட ஏறலை. அவ்வளவுதானா?"

"அவ அன்னைக்குச் சொன்னாளே, அதனாலதான் கெடச்சுதுன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"ஒண்ணுகூட ஏறலை. அவ சொன்னதாலதான் கெடச்சுது." ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பரீட்சை முடிய நேரம் இருக்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாடிப்படியில் அதையே சொல்லிச் சொல்லி அவர் குரல் இறங்கிக்கொண்டே போவது அறைக்குள் கேட்டது. ஒரு திருப்பத்தில் நின்றது. அங்கே, தினசரி வழக்கப்படி தட்டைப் பார்க்க மேலே வந்துகொண்டிருந்த பேராசிரியருக்கு அவர் யாரென்று தெரியாது, அவருக்கும் பேராசிரியரைத் தெரியாது. ஆனால் கையில் வைத்திருந்த சேதியை அதற்கு மேல் அடக்க முடியவில்லை போலிருக்கிறது.

"சார், ஒண்ணுகூட ஏறலை!"

பிறகு பேராசிரியர் மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறிவரும் ஓசை கேட்டது.